புத்தகத்தில் இல்லாத முகங்கள்

திங்கள் முதல் வியாழன் வரை மதுரைப் பக்கம் ஒரு பல் மருத்துவக் கல்லூரியில் பாடம் எடுத்தேன். வெள்ளியும் சனியும் ராஜபாளையத்தில் சொந்த கிளினிக். ஞாயிறு காலை ஸ்ரீவில்லிபுத்தூரில், மருந்துக்கடை மாடியில் வாடகைக்கு ஓர் அறை. எண்பதுகளின் பின்பாதியில் அந்தப் பக்கத்தில் பல்லுக்குக் கம்பி போடும் டாக்டர் என்றால் என்னைத்தான் காட்டுவார்கள். அதில் எனக்குத் திமிரும் இருந்தது.

அதை உடைத்தவர் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் டைப்பிஸ்டாக இருந்த ஒரு பெண்மணி. அவருடைய மகளுக்கு இரண்டு வருஷம் வைத்திருந்த கம்பியை அப்போதுதான் கழற்றியிருந்தேன். பற்கள் கோத்து வைத்தது போல வரிசையாக இருந்தன. அவர் என் மேஜைமேல் இரண்டு போட்டோக்களை வைத்தார். கம்பி போடுவதற்கு முன்பு ஒன்று, கழற்றிய பிறகு ஒன்று.

"டாக்டரம்மா, பல்லு உள்ள போச்சு, சரி. எம்புள்ள மொகமும்ல சேந்து உள்ள போயிருச்சு? பதினாறு வயசுல கெழவி மாதிரி இருக்கா."

"அளவெல்லாம் சரியா இருக்கும்மா" என்றேன் எரிச்சலோடு.

"யாரு மொகத்துக்கு எடுத்த அளவு?"

தலையைப் பக்கவாட்டில் எக்ஸ்ரே எடுத்து, அதில் முன்பல்லின் சாய்வை அளப்போம். புத்தகம் சொல்லும் அளவைத் தாண்டினால் மேலும் கீழுமாக நான்கு நல்ல பற்களைப் பிடுங்கி, அந்த இடைவெளியில் முன்பற்களை உள்ளே தள்ளுவோம். அந்த அளவு வெள்ளைக்காரர்களின் முகங்களில் எடுத்தது. எனக்கு அது தெரியும். தெரிந்தும் இந்தப் பெண்ணுக்கு நான்கைப் பிடுங்கினேன். மறுபடி கம்பி போட்டு இடைவெளி திறந்து, கட்டுப்பல் வைக்கிறேன் என்றேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "போதும் டாக்டர்" என்றாள். அன்று என்மேல் வந்த கோபம் இன்றும் ஆறவில்லை.

அதன்பிறகு மூன்று வருஷம், பார்க்க லட்சணமாக இருக்கிறார்கள் என்று ஊர் சொன்னவர்களைத் தேடிப் போனேன். மில் தொழிலாளிகள், நர்ஸ்கள், பாங்க் குமாஸ்தாக்கள். ராஜபாளையத்தில் ஒரு பஸ் கண்டக்டர், "எம் பல்லுல அப்படி என்னத்தக் கண்டீக?" என்று சிரித்துக்கொண்டே வாயைத் திறந்தார். சம்மதித்தவர்களை மதுரைக்கு அழைத்துப் போய் எக்ஸ்ரே எடுத்தேன். புத்தகப்படி பார்த்தால் அவர்களில் பெரும்பாலோருக்குப் பல் பிடுங்கியிருக்க வேண்டும்!

அந்த முகங்களின் அளவுகளை வைத்து ஒரு கட்டுரை எழுதி எங்கள் துறைத் தலைவரிடம் கொடுத்தேன். நின்றபடியே புரட்டினார்.

"இது ராஜபாளையத்து ஜனங்க முகம். புத்தகம் உலகத்துக்கு எழுதினது."

"அந்த உலகத்துல எங்க ஊரு இல்லையா சார்?"

"பசங்களைக் குழப்பாதீங்க" என்று தாள்களைத் திருப்பிக் கொடுத்தார். நான் கட்டுரை அனுப்பிய மருத்துவப் பத்திரிகையும் அதைப் போடவில்லை.

தலைவர் சொன்னதை நான் கேட்கவில்லை. என் அளவுகளை வகுப்பில் சொல்லிக்கொடுத்தேன். அந்த வருஷம் வாய்மொழித் தேர்வில் வெளியூர்த் தேர்வாளர் ஒரு எக்ஸ்ரேயை நீட்டினார். என் மாணவன் அளந்து பார்த்து, பல் பிடுங்க வேண்டியதில்லை என்றான். ஃபெயிலாக்கிவிட்டார். அவன் என் அறை வாசலில் வந்து நின்றான்.

"நீங்க சொன்னதத்தான மேடம் சொன்னேன்?"

நேரே தலைவரின் அறைக்குப் போய்க் கத்தினேன். எழுதப்படிக்கத் தெரிந்த மூடர்கள் என்றேன். இன்னும் மோசமாகவும் சொன்னேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை.

"தேர்வாளர் அவர் வேலையைச் செஞ்சார். பையனைக் கவுத்தது நீங்க."

அதில் பாதி உண்மை இருந்ததுதான் என்னை அதிகம் எரித்தது. ஆறு மாதம் கழித்து அந்தப் பையன் புத்தகத்தில் இருப்பதைச் சொல்லிப் பாஸானான். பிறகு வராந்தாவில் என்னைக் கண்டால் வேறு பக்கம் திரும்பிக்கொள்வான்.

அடுத்த வருஷ வகுப்பில் கரும்பலகையின் நடுவே கோடு கிழித்தேன். இடப்பக்கம் புத்தகத்தின் அளவு, வலப்பக்கம் என்னுடையது. "பரீட்சைக்கு இது, நோயாளிக்கு அது" என்றேன். மதியம் போய்ப் பார்த்தபோது வலப்பக்கத்தை மட்டும் யாரோ அழித்திருந்தார்கள். சாக்பீஸை எடுத்து, முன்னைவிடப் பெரிதாக மறுபடி எழுதினேன்.