முக்கால் மைலும் மூன்று சிவப்புக் கோடும்

பொதுநலத்துக்காக என் வாழ்க்கையில் நான் ஒரே ஒரு காரியம் செய்திருக்கிறேன். அறுபதுகளின் நடுவில், கோட்டையூருக்கு அப்பால் உள்ள எங்கள் ஊரிலிருந்து காரைக்குடி தார் ரோட்டைத் தொடுவதற்கு முக்கால் மைல் நீளத்தில் ஒரு சைக்கிள் பாதை போட்டேன். 'போட்டேன்' என்பது எழுத்து நடை. மம்பட்டி பிடித்தவர்கள் வேறு இரண்டு பேர். நான் படித்தவன் என்பதால் யோசனை மட்டும் என்னுடையது. அது பொதுநலமும் இல்லை என்பது போகப் போகத் தெரியும்.

அந்த ஆவணியில்தான் காரைக்குடியில் எனக்கு ஒரு அலுவலகத்தில் எழுத்தர் வேலை கிடைத்திருந்தது. எந்த அலுவலகம் என்று சொல்லமாட்டேன். இன்னும் அங்கேதான் சம்பளம் வாங்குகிறேன். ஆறு மாதம் என்னைச் சோதித்துப் பார்ப்பார்கள், பிறகு நிரந்தரம் செய்வார்கள். காலை பத்து பத்துக்கு வருகைப் பதிவேடு தலைமை எழுத்தரின் மேசைக்குப் போய்விடும். அதற்குமேல் வருகிறவன் பெயருக்கு எதிரே அவர் சிவப்பு மையில் ஒரு கோடு இழுப்பார். ஆறு மாதத்துக்குள் மூன்று கோடு விழுந்தால் மேலிடத்துக்கு ஒரு குறிப்பு போகும். குறிப்புக்குப் பின்னாலேயே ஆளும் போகவேண்டியதுதான். போனால் எங்கே போவது? வீட்டில் அப்பாவின் ஏர் எனக்காகக் காத்திருந்தது. எனக்கு உழத் தெரியாது என்ற ரகசியத்தைப் படிப்பு என்ற போர்வையால் இருபத்திரண்டு வருஷம் மூடி வைத்திருந்தேன்.

ரோட்டைச் சுற்றிப் போனால் ஏழு மைல். குறுக்கே போனால் நாலு மைலுக்குள் முடிந்துவிடும். ஆனால் அந்தக் குறுக்கில் ஒரு முக்கால் மைல், செம்பாறை மேட்டில் ஏறி, கருவேலங்காட்டுக்குள் இறங்கி, கண்மாய்க் கரையில் ஏறி, வயல் ஓரமாக ஓடித் தார் ரோட்டில் முடியும். வெளிநாடுகளில் மலைச்சரிவில் சைக்கிள் விடுவதற்கென்றே பாதை வெட்டுகிறார்கள் என்று சமீபத்தில் ஒரு பத்திரிகையில் படம் பார்த்தேன். அவர்கள் பொழுதுபோகாமல் செய்ததை நாங்கள் பொழுது போய்விடுமோ என்ற பயத்தில் செய்தோம். எங்களுக்கு மலையும் கிடையாது. கண்மாய்க் கரைதான் மலை.

ஐப்பசி மழையில் செம்மண் சைக்கிளின் மட்கார்டுக்குள் போய் அப்பிக்கொள்ளும். பத்தடிக்கு ஒரு தரம் இறங்கிக் குச்சியால் குத்தி எடுக்க வேண்டும். பிறகு குச்சியும் உள்ளே சிக்கிக்கொள்ளும். கடைசியில் சைக்கிளை நான் தோளில் தூக்கிக்கொண்டு நடப்பேன். அரை மணி முன்னதாகக் கிளம்பி ரோட்டைச் சுற்றிப் போனால் என்ன என்று அப்பா கேட்டார். படித்தவனிடம் கேட்கக்கூடிய கேள்வியா அது? கார்த்திகை முடிவதற்குள் இரண்டு கோடு விழுந்துவிட்டது.

மூன்றாவது விழாமல் இருக்க ஒரே வழி பாதையைச் சரிசெய்வது என்று முடிவு கட்டினேன். என்னோடு சேர்ந்தவர்கள் இருவர். ஒருவன் என் மச்சான், தாய்மாமன் மகன், என்னைவிட இரண்டு வயது மூத்தவன். விடியற்காலையில் கேரியரின் இரண்டு பக்கமும் பால் கேன் கட்டிக்கொண்டு காரைக்குடிக் கடைகளுக்குப் போய், ஒன்பது மணிக்குக் காலிக் கேனோடு திரும்புவான். இன்னொருவர் கொத்தனார். பெரிய வீடுகளில் பழைய சுவர்ப் பூச்சைப் புதுப்பிக்கிற வேலை அவருக்கு. கையில் கரண்டி இருந்தால் அவருக்கு எதிரே யாரும் மனிதரில்லை.

பாதை வெட்ட மார்கழிதான் மாதம். கோடையில் செம்பாறையில் கடப்பாரையைப் போட்டால் கடப்பாரைதான் வளையும். ஐப்பசியில் வெட்டினால் வெட்டியது அன்றைக்கே கரைந்து ஓடும். மார்கழியில் மண் கொஞ்சம் ஈரத்தோடு சொன்னபடி கேட்கும். பனி தலையில் இறங்காமல் துண்டால் காதை மூடிக் கட்டிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் மூன்று பேரும் இறங்கினோம். நான் நூலகத்திலிருந்து ரோடு போடுவது பற்றி ஒரு தடிப் புத்தகம் எடுத்து வந்திருந்தேன். அதை மேட்டில் ஒரு கல்லின்மேல் வைத்துப் பக்கம் புரட்டினேன். என் பங்கு உழைப்பு அதுதான்.

செம்பாறை மேட்டில் துருத்திக்கொண்டிருந்த கற்களைப் பெயர்த்தோம். கருவேலங்காட்டில் அரிவாளால் கிளை கழித்து, முள்ளைக் கவைக்கம்பால் தள்ளினோம். பிறகு கரைக்கும் தார் ரோட்டுக்கும் நடுவே இருந்த வயலோரத்துக்கு வந்தோம். அங்கே பள்ளம் அதிகம். மச்சான், "இத என்கிட்ட விடு மாப்ள" என்று சொல்லி ஒரே காலையில் வேலையை முடித்தான். நேர்த்தியான வேலை. நடுவில் மட்டமான தரை, இரண்டு பக்கமும் ஒரு சாண் உயரத்தில் மண்ணை அணைத்துத் தட்டிய விளிம்பு. நான் நின்று ரசித்தேன். புத்தகத்தில் விளிம்பு வேண்டாம் என்று போட்டிருந்த மாதிரி ஞாபகம். ஆனால் இவ்வளவு அழகாக இருப்பது எப்படித் தப்பாகும்?

புதன்கிழமை ஒரு மழை பெய்தது. வியாழக்கிழமை காலையில் பாதை இருந்த இடத்தில் வரிசையாக நாலு குளம் இருந்தது. ஒன்றில் கொக்கு நின்றது.

கொத்தனார் சைக்கிளை விட்டு இறங்கி இடுப்பில் கை வைத்தார். "தம்பி, பாதை போட்டீகளா, இல்ல நாத்து விடப் போறீகளா?"

தப்பு என்னவென்று பிறகுதான் புரிந்தது. மச்சானுடையது வானம் பார்த்த பூமியில் தலைமுறை தலைமுறையாகப் பயிர் செய்த கை. மண்ணைத் தொட்டாலே வரப்பு கட்டிவிடும். தண்ணீரைத் தேக்க அதற்குத் தெரியும், போகவிடத் தெரியாது. நான் புத்தகத்தை விரித்து, பாதையில் தண்ணீர் நிற்கக் கூடாது, விளிம்பை உடைத்துப் பக்கவாட்டில் வெளியேற்ற வேண்டும் என்று படித்துக் காட்டினேன்.

"தண்ணிய வீணா விடச் சொல்றியா?" மச்சானின் முகம் போன போக்கைப் பார்த்தால் அவன் அம்மாவை வீட்டை விட்டுத் துரத்தச் சொன்ன மாதிரி இருந்தது. "எந்த ஊரு வெள்ளக்காரன் எழுதுனது அது? அவனுக்கு வருசமெல்லாம் மழ பேயும். அவன் விடுவான்."

"எங்குட்டாவது போகணும்ல மச்சான்."

"எங்குட்டாவது எதுக்குப் போவுது? அங்குட்டுப் போகட்டும்" என்று அவன் கை காட்டிய இடத்தில் அவனுடைய வயல் இருந்தது.

அப்படியே வெட்டினோம். பதினைந்து அடிக்கு ஒரு வாய்க்கால், எல்லாம் அவன் வயலைப் பார்த்து. பாதையும் மெல்ல அந்தப் பக்கமே சாய்ந்தது. அந்த வழியாகக் காரைக்குடிக்குப் போகலாம் என்பது ஒரு உபரி வசதி.

மிச்சம் இருந்தது கரையிலிருந்து வயலோரத்துக்கு இறங்கும் சரிவு மட்டும். இருபதடி நீளம். களிமண். ஈரத்தில் சைக்கிள் அதன் இஷ்டத்துக்குப் போகும். சரளை கொட்டித் திமிசுக்கட்டையால் இடித்துவிட்டால் போதும் என்று புத்தகம் சொன்னது. நான் அதைத் தமிழில் கொத்தனாருக்கு மொழிபெயர்த்தேன். மொழிபெயர்ப்பில் ஒரு சொல் கூடிவிட்டது.

"மேடு பள்ளம் இல்லாம, கொஞ்சம் வழவழப்பா இருக்கணும்ண்ணே."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வழவழப்பா?"

"ஆமாண்ணே."

"சரி தம்பி. ஒங்க வாயால கேட்டுட்டீக. நாலு நாளைக்கு இந்தப் பக்கம் வராதீக."

அவருடைய தொழிலில் வழவழப்பு என்பது ஒரு வர்ணனை இல்லை, ஒரு சத்தியம் என்பது எனக்குத் தெரியாமல் போயிற்று. பெரிய வீட்டு வேலையில் மிஞ்சிய சுண்ணாம்பை அரைத்து, வெள்ளை மணலைச் சலித்து, கடுக்காய்த் தண்ணீர் விட்டு, கடைசிப் பூச்சுக்கு முட்டையின் வெள்ளைக்கருவும் சேர்த்திருக்கிறார். முட்டை எங்கள் வீட்டுக் கோழி இட்டவை. தினமும் முட்டை வாங்க வந்த கொத்தனாரிடம், வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்று அம்மா விசாரித்துக்கொண்டிருந்தாள். பூச்சு இறுகும் பதத்தில் கூழாங்கல்லால் இரண்டு நாள் தேய்த்திருக்கிறார். ஐந்தாம் நாள் போய்ப் பார்த்தோம். கண்மாய்க் கரையிலிருந்து வெள்ளைப் பளிங்கு ஒன்று இறங்கிப்போனது. குனிந்தால் முகம் தெரிந்தது. ஊரே வந்து பார்த்தது. இது முன்னேற்றத்தின் அடையாளம் என்று நான் கரைமேல் நின்று ஒரு சின்னப் பிரசங்கம்கூடச் செய்தேன்.

ஒரு வாரம் வெயிலாக இருந்தது. சைக்கிள் மெழுகில் போவதுபோல் இறங்கியது. நான் ஒன்பதே முக்காலுக்கே அலுவலகத்தில் இருந்தேன். தை கடைசி வரை இப்படியே ஓட்டிவிட்டால் பிழைத்தேன் என்று நாள் எண்ணிக்கொண்டிருந்தேன்.

மார்கழி கடைசியில் ஒரு நாள், மச்சான் பாலோடு போனபிறகு, காலை எட்டு மணிக்குத் தூறல் விழுந்தது. ஒன்பது மணிக்கு நான் வேகமாக மிதித்துக்கொண்டு கரைமேல் வந்தேன். கீழே மச்சான் இரண்டு காலிக் கேனுக்கு நடுவில் கிடந்தான். ஏற முயன்று விழுந்திருக்கிறான். கையை ஆட்டி ஆட்டி என்னவோ கத்தினான். எதிர்காற்றில் எனக்கு "வா... வா..." என்று கேட்டது. அன்போடு கூப்பிடுகிறான் என்று நினைத்தேன். அவன் கத்தியது "வராத, வராத" என்று.

போனேன். இருபதடியையும் சைக்கிளுக்கு முன்னால் நான் கடந்தேன். ஒரு கேனைத் தட்டி, மச்சானைத் தாண்டி, அவன் வயலுக்குள் விழுந்தேன். எங்கள் வாய்க்கால்கள் கொண்டுசேர்த்த தண்ணீர் அங்கே இன்னும் கணுக்கால் ஆழம் நின்றது.

"அய்யய்யோ!" என்று மச்சான் ஓடி வந்தான். மனசு நெகிழ்ந்துபோய்க் கையை நீட்டினேன். அவன் என் கையைப் பார்க்கவில்லை. "கதிரு தள்ளப் போற நேரம், பொதி கட்டுன பயிருடா! எந்திரிடா வெளங்காதவனே, பயிரு மேலேயே படுத்திருக்கே!"

ஹேண்டில்பார் திரும்பிப்போன சைக்கிளைத் தள்ளிக்கொண்டே அலுவலகம் போய்ச் சேர்ந்தபோது பத்தரை தாண்டியிருந்தது. நெற்றி முதல் பாதம் வரை செம்மண். காதில் ஒரு நெல் தாள். தலைமை எழுத்தர் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார்.

"என்னய்யா இது வேஷம்?"

நான் நடந்ததைச் சொன்னேன். அவர் முழுதும் கேட்டுவிட்டு, அளவுகோல் வைத்து, மூன்றாவது கோட்டை இழுத்தார். "குறிப்பு திங்கக்கிழம போகும்" என்றார். திங்கட்கிழமைக்கு மூன்று நாள் இருந்தது.

மறுநாள் கொத்தனார் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். எனக்காகத்தான் வந்தார் என்று இன்றுவரை நம்ப ஆசைப்படுகிறேன். கையில் துணி சுற்றிய ஓட்டுத் துண்டு ஒன்று. நேரே தலைமை எழுத்தர் மேசைக்குப் போனார்.

"ஐயா, இந்தத் தம்பி விழுந்தது நான் பூசுன சரிவுலதான். ஊருக்குள்ள பயலுக பூச்சு சரியில்லன்னு பேசுறானுக. சரியில்லாமலா இவுக இருபதடி போனாக? ஒரு கீறல் விழல பாத்துக்கங்க. சைக்கிள் மொத்தமா உருண்டிருக்கு, ஒரு கீறல் இல்ல!"

துணியைப் பிரித்து ஓட்டை மேசைமேல் வைத்தார். அதே பூச்சின் மாதிரி. தலைமை எழுத்தர் குனிந்தார். அதில் தன் முகத்தைப் பார்த்தார். விரலால் தடவினார். பிறகு புறங்கையால் தடவினார். அவர் அப்போது ஊரில் வீடு கட்டிக்கொண்டிருந்தார் என்பது அலுவலகம் முழுக்கத் தெரிந்த விஷயம்.

"முன்கட்டுச் சுவர் நாலும் இதே மாதிரி வருமா?"

"வரும். ஆனா மனசுல பாரம் இருந்தா எனக்குக் கை ஓடாதுங்கய்யா." கொத்தனார் என் பக்கம் தாடையை அசைத்தார். "தம்பி பேருல ஏதோ கோடு விழுந்துருச்சாமே."

தலைமை எழுத்தர் பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்தார். பிறகு இழுப்பறையிலிருந்து பிளேடு எடுத்து, பதிவேட்டில் அந்தச் சிவப்பை மெதுவாகச் சுரண்டினார். துகளை ஊதித் தள்ளினார். காகிதம் சொரசொரப்பாக இருந்ததால் கட்டைவிரல் நகத்தால் திரும்பத் திரும்பத் தேய்த்தார். கொத்தனார் எட்டிப் பார்த்துவிட்டு, "இங்குட்டு இன்னுங் கொஞ்சம் தேய்க்கணும்" என்றார்.

சரிவைக் கொத்திவிட வேண்டும் என்று மச்சான் கடப்பாரையோடு நின்றான். "தொட்ட, கைய வெட்டிருவேன்" என்று கொத்தனார் நாலு நாள் காவல் இருந்தார். ஐந்தாம் நாள் அவரே உளியோடு உட்கார்ந்து, அம்மி கொத்துவதுபோலப் புள்ளி புள்ளியாகக் கொத்தினார். அதையும் கோணல் இல்லாமல் வரிசையாகத்தான் கொத்தினார். அதன்பிறகு ஈரத்திலும் சக்கரம் வழுக்காமல் பிடித்துக்கொண்டது.

தை கடைசியில் எனக்கு நிரந்தர உத்தரவு வந்தது. அதில் கையெழுத்துப் போட்டபோதுதான் எனக்கு ஒன்று தெரிந்தது. நிரந்தரமானவர்களுக்குச் சிவப்புக் கோடு கிடையாது. அவர்களுக்குப் பதிவேடு பதினொரு மணி வரைகூடத் திறந்தே கிடக்கும். மறுநாள் வீட்டில் நிதானமாக இரண்டாவது காப்பி குடித்துவிட்டு, அலுவலக நேரத்துக்கு என்றைக்கும் போய்ச் சேராத டவுன் பஸ்ஸில் ஏழு மைலும் உட்கார்ந்தே போய், பத்தே முக்காலுக்கு இறங்கினேன். தலைமை எழுத்தர் என்னைப் பார்த்து முதல்முறையாகச் சிரித்தார்.

அடுத்த மார்கழியில் மச்சான் வந்து, மழையில் கரைமண் சரிந்துவிட்டது, வாய்க்காலெல்லாம் தூர்ந்துவிட்டது, மம்பட்டி எடுத்துக்கொண்டு வா என்றான். ஆபீஸில் வேலை அதிகம் என்றேன். அன்று ஞாயிற்றுக்கிழமை.

"பெர்மனன்ட் ஆயிட்டா முதுகும் பெர்மனன்ட்டா நிமிந்துக்கிருமோ மாப்ள?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டான்.

மனசு கேட்காமல் அரை மணி கழித்துப் போனேன். அவனும் கொத்தனாரும் முழங்கால் சேற்றில் நின்று வாய்க்காலில் தூர் வாரிக்கொண்டிருந்தார்கள். நான் செருப்பைக் கழற்றாமல் கரைமேல் நின்று, பின்னால் கை கட்டிக்கொண்டு, இடது பக்கம் இன்னும் கொஞ்சம் ஆழம் வேண்டும் என்று சொன்னேன்.

கொத்தனார் நிமிரவில்லை. "ஓவர்சியர் வந்துட்டாக" என்றார் மச்சானிடம். "நல்லாக் குனிஞ்சு வெட்டு."