பிடிக்குள் இருந்த காலித் துளைகள்

அக்கா பிள்ளைகளுக்கு அவள் ‘கத்திச் சித்தி’. விலங்கு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை. வீட்டு அலமாரி முழுக்கப் பழைய கத்திகள்: வேட்டைக்காரர் கத்தி, தோல் உரிக்கும் கத்தி, எல்லாம் மடக்க முடியாத ரகம். ஒரு கத்தி எந்தக் காலத்தது என்று தெரியாவிட்டால் தலை வெடித்துவிடும் அவளுக்கு. ஒரு கல்யாண வீட்டில் கேக் வெட்டும் கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து அக்காவிடம் திட்டு வாங்கியவள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவின் கணவர் தன் அப்பாவின் கத்தியோடு வந்தார். சில வாரங்களுக்கு முன்தான் அப்பா காலமாகியிருந்தார். இளவயதில் கப்பலில் வேலை பார்த்தவர். புயலில் கூட்டாளியின் காலில் கயிறு சுற்றிக் கடலுக்குள் இழுத்தபோது, அந்தக் கயிற்றை இந்தக் கத்தியால்தான் அறுத்தாராம்.

“எந்த வருஷத்துக் கத்தின்னு பார்த்துச் சொல்லும்மா. அப்பா படத்துக்குக் கீழ எழுதி வைக்கணும்.”

“சொல்றேன் மாமா” என்று வாங்கிக்கொண்டவள் வசமாக மாட்டிக்கொண்டாள். தீட்டித் தீட்டி அலகில் இருந்த கம்பெனி முத்திரை தேய்ந்துபோயிருந்தது. காலம் சொல்ல மிச்சம் இருந்தது பிடி மட்டும்தான். அது மஞ்சளேறிய பிளாஸ்டிக். அந்த வகைப் பிடி சந்தைக்கு வந்ததே பெரியவர் கப்பலை விட்டுப் பல வருஷம் கழித்துத்தான். அப்படியானால் புயல் கதை?

அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. பூனையின் காலைப் படம் எடுக்கச் சொன்னால் வாலை எடுத்து வைத்தாள். “ஆச்சா?” என்று மாமா அனுப்பிய செய்திக்குப் பதில் போடவில்லை. கடைசியில் ஒரு மதிய இடைவேளையில் கத்தியையே எக்ஸ்ரே மேசையில் கிடத்திவிட்டாள்.

எட்டிப் பார்த்த டாக்டர் கேட்டார்: “நோயாளிக்கு என்ன வயசு?”

“அது தெரியாமத்தான் சார் தவிக்கிறேன்.”

படத்தில், பிடிக்குள் நுழைந்திருந்த இரும்பில் இப்போதைய ஆணிகள் தெரிந்தன. அவற்றிலிருந்து தள்ளி இரண்டு துளைகள் காலியாக இருந்தன. வேறொரு பிடி இருந்த இடம். இன்னும் தள்ளி, பெரிதாக மூன்றாவது துளை. அதற்கும் முந்தைய பிடியுடையது; பெரியவர் காலத்துக்கு முன்பே வழக்கொழிந்த பெரிய ஆணி. உடனே மாமாவுக்குப் போன் செய்தாள்.

“பிடிதான் மாமா புதுசு. அலகு உங்க அப்பாவுக்கும் முன்னால வேற யார்கிட்டயோ இருந்திருக்கு.”

“யார்கிட்ட?”

இப்போது அவருக்கும் தூக்கம் போயிற்று. அங்கே இங்கே விசாரித்து, புயலில் பிழைத்த கூட்டாளி உயிரோடு இருப்பதைக் கண்டுபிடித்தார். இருவரும் காரில் போனார்கள்.

கிழவர் அலகை விரலால் தடவினார். முதுகுப் பக்கம் இருந்த சின்ன வெட்டில் விரல் நின்றது.

“அட, இது என் கத்தியாச்சே! அன்னைக்கு என் இடுப்பிலேர்ந்து உருவித்தான் உங்கப்பன் கயித்தை அறுத்தான். அப்புறம் தரவே இல்ல. உயிரைக் காப்பாத்தினவன்கிட்ட கத்தியைக் கொடுடான்னு எப்படிக் கேக்குறது?”

மாமா முகம் வெளிறி, பிறகு சிரித்துவிட்டார். “நீங்களே வச்சுக்குங்க, பெரியப்பா.”

“நல்லாத் தீட்டி வச்சிருக்கான்” என்று கிழவர் கத்தியை மடியில் வைத்துக்கொண்டார். “நான் வாங்கினப்பவே பழசு. பழைய சாமான் கடையில கிடைச்சது.”

திரும்பும் வழியில் மாமா நிம்மதியாக ஓட்டினார். பக்கத்தில் அவள் நகத்தைக் கடித்துக்கொண்டே வந்தாள். பாதி தூரம் தாண்டியிருக்கும்.

“மாமா, வண்டியைத் திருப்புங்க. எந்த ஊர்க் கடைன்னு கேக்காம வந்துட்டேன்.”