தோள்பட்டைக்காக ஒன்பது பயணங்கள்: கொடுமுடியிலிருந்து சிங்காநல்லூர் வரை

இந்த வலைப்பதிவில் வால்பாறை, பவானிசாகர், தாளவாடி என்றுதான் இதுவரை எழுதியிருக்கிறேன். இந்த முறை போன இடத்தில் அருவியும் இல்லை, அணையும் இல்லை. ஒரு நீளமான அறை, நான்கு கட்டில்கள், கூரையிலிருந்து தொங்கும் ஒரு கயிறு. ஒரே மாதத்தில் ஒன்பது முறை போய்வந்தேன். இ.எஸ்.ஐ. தொழிலாளர் காப்பீட்டு அட்டை வைத்திருந்தும் பிசியோதெரபிக்கு எங்கே போவது என்று தெரியாமல் தவிப்பவர்களுக்கு இது உதவும்.

ஆடிப்பெருக்கு முடிந்த வாரம், எங்கள் ஊர் கொடுமுடியே சேறாகக் கிடந்தபோது, ஸ்கூட்டர் வழுக்கி வலது தோள் நழுவிவிட்டது. பக்கத்து மருத்துவமனையில் எலும்பை உள்ளே தள்ளி மூன்று வாரத்துக்குக் கையைக் கழுத்தோடு தொட்டில்போலக் கட்டிவிட்டார்கள். கட்டைப் பிரித்த பிறகு கை நெஞ்சுக்கு மேல் ஏற மறுத்தது. தலை சீவுவதும் சட்டைப் பொத்தான் போடுவதும் என் மனைவி செல்வியின் வேலையாகிவிட்டன. "கல்யாணத்தன்னிக்கிகூட இத்தன நேரம் உங்க மூஞ்சியப் பாக்கலீங்க" என்று கிண்டல் செய்வாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சிங்காநல்லூரில் பம்பு செய்யும் பட்டறையில் பத்தொன்பது வருடமாக லேத், அதாவது கடைசல் இயந்திரம், ஓட்டுகிறேன். கை தோளுக்கு மேல் போகாதவனுக்கு அங்கே வேலை இல்லை. இருபத்தெட்டு நாளில் வராவிட்டால் லேத்தில் வேறு ஆளைப் போட வேண்டிவரும் என்று ஃபோர்மேன் போனில், மிகவும் மரியாதையாகத்தான், சொல்லிவிட்டார்.

முதல் தப்பு ஈரோட்டில் செய்தேன். ஒரு கிளினிக்கின் பலகையில் 'காப்பீடு ஏற்கப்படும்' என்று இருந்ததை நம்பி உள்ளே போனேன். வரவேற்பில் இருந்த பெண் நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, வெயில் அதிகமா என்று விசாரித்துவிட்டு, அதன்பிறகுதான் அட்டையைப் பார்த்தார். அறுவை சிகிச்சைக்கு உள்ளே படுத்தால்தான் காப்பீடாம், அதுவும் இந்த அட்டைக்குக் கிடையாதாம். தினம் வந்துபோகும் பயிற்சிக்கு நானூறு ரூபாய். எழுந்து வந்திருக்கலாம். கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு எப்படி எழுந்து வருவது? சிகிச்சை எடுத்துக்கொண்டு, நன்றியும் சொல்லிவிட்டு வந்தேன். கொங்கு நாட்டுக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இரண்டாவதாக யாரோ சொன்னார்கள் என்று கோவை உக்கடம் போனேன். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில் இருந்த கிளினிக்கிலும் அதே பதில்தான். ஆனால் அந்த அலைச்சல் வீண் போகவில்லை. எதிரே இடுப்பு பெல்ட், முழங்கால் உறை விற்கும் கடையில் நிழலுக்கு ஒதுங்கினேன். கடைக்கார பாய் என் கையிலிருந்த அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, இந்த அட்டைய வெச்சுக்கிட்டு எதுக்குங்க கிளினிக் கிளினிக்கா ஏறி எறங்கறீங்க? உங்க இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரில கடுதாசி வாங்கினீங்களா?"

"இல்லீங்க பாய்."

"மொதல்ல அங்க போங்க. டாக்டரு எழுதிக் கொடுத்தாத்தான் பெரிய ஆஸ்பத்திரில பிசியோ. உங்க சம்பளத்துல புடிக்கறாங்களா இல்லீங்களா? அப்பறம் என்னத்துக்குங்க கூச்சம்?"

பத்தொன்பது வருடமாகச் சம்பளத்தில் பிடிக்கிறார்கள். நான் அந்த டிஸ்பென்சரிக்குப் போனது இரண்டே முறை, இரண்டும் காய்ச்சல் மாத்திரைக்கு. என்னை நானே நொந்துகொண்டேன்.

இனி வழி. வார நாட்களில் வழக்கமாகப் பட்டறைப் பக்கம் அறை எடுத்துத் தங்குபவன் நான். ஒற்றைக் கையை வைத்துக்கொண்டு தனியாக இருக்க முடியாது என்பதால் கொடுமுடி வீட்டிலிருந்தே போய்வந்தேன். காலை 5.40-க்குக் கொடுமுடியில் பேருந்து, முத்தூர் வழியாகக் காங்கேயம் போக ஒன்றே கால் மணி நேரம், முப்பத்திரண்டு ரூபாய். அங்கே ஒரு டீ. பிறகு கரூர் பக்கமிருந்து கோவை போகும் வண்டியில் ஏறினால் பல்லடம், சூலூர் வழியாகச் சிங்காநல்லூருக்கு இரண்டு மணி நேரம், ஐம்பது ரூபாய். மொத்தம் நூற்றுப்பத்து கிலோமீட்டர் இருக்கும். வலது தோள் வலிக்காரர்கள் வண்டியில் வலது ஓரமாக, ஜன்னல் பக்கம் உட்காருங்கள். யாரும் இடிக்க மாட்டார்கள். காங்கேயம் தாண்டியதும் உலர்களங்களில் வெள்ளை வெளேரென்று தேங்காய்ப் பருப்பு காய்வதைப் பார்த்துக்கொண்டே போகலாம். எண்ணெய் வாசனை ஜன்னலுக்குள் வரும். எனக்கு அந்த இடம் ரொம்பப் பிடிக்கும்.

முதல் பயணத்தில் பட்டறைப் பக்கத்து டிஸ்பென்சரியில் கடிதம் வாங்கினேன். வரிசையில் நாற்பது நிமிடம். அன்று மதியமே சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் பதிந்து, வாரத்துக்கு மூன்று முறை என்று எட்டு முறைக்குத் தேதி கொடுத்தார்கள். பணம் எதுவும் கேட்கவில்லை. ஈரோட்டு நானூறு ரூபாய் கொஞ்சம் உறுத்தியது.

எனக்குக் கிடைத்த பிசியோதெரபிஸ்ட் ஷாஹிதா. கோவைக் கோட்டைமேட்டுக்காரர், முப்பது வயது இருக்கலாம். என்னைக் கட்டிலில் படுக்கவைத்து, கையை மெதுவாகத் தூக்கிக்கொண்டே, "வலிக்குதுங்களாண்ணா?" என்று கேட்பார்.

"இல்லீங்க அம்மணி, பரவால்லீங்க."

உயிர் போகும். ஆனால் ஒரு பெண் அவ்வளவு பொறுமையாக, அவ்வளவு மரியாதையாகக் கேட்கும்போது வலிக்கிறது என்று எப்படிச் சொல்வது? அவர் வேலையைக் குறை சொன்னதுபோல் ஆகாதா? "வலி பத்துக்கு எத்தனைங்க?" என்று கேட்டால், ஒன்பதை விழுங்கிவிட்டு "ரெண்டு இருக்குமுங்க" என்பேன். அவரும் நம்பி இன்னும் கொஞ்சம் தூக்குவார். மூன்று முறை இப்படியே போனது. மூன்றாம் முறை திரும்பும்போது பல்லடத்தில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அன்று தோள் வீங்கி, கை முன்பு இருந்ததைவிடக் கீழே இறங்கிவிட்டது. செல்வி ஒத்தடம் கொடுத்தாள், கிண்டல் எதுவும் செய்யவில்லை. ஃபோர்மேன் சொன்ன கெடுவில் பதினான்கு நாள் போய்விட்டது. லேத்தும் போய்விடும் என்றே நினைத்தேன். பயமாக இருந்தது.

நான்காம் முறை கையைத் தொட்டுப் பார்த்த ஷாஹிதாவின் முகம் மாறியது. வழக்கம்போலத் தூக்கினார், வழக்கம்போலக் கேட்டார், வழக்கம்போல இல்லை என்றேன். ஆனால் இந்த முறை அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கையைக் கீழே வைத்துவிட்டார்.

"அண்ணா, உங்க வாயி இல்லீங்கங்குது. கால் பெருவெரலு மடங்கிப் போய் நிக்குது. நான் எதைங்க நம்பட்டும்?"

மாட்டிக்கொண்டேன். "நீங்க சங்கடப்படுவீங்கன்னுட்டு..." என்று இழுத்தேன்.

"நீங்க சொல்ற நம்பர வெச்சுத்தானுங்க எவ்வளவு தூக்கோணும்னு நான் முடிவு பண்றேன். ரெண்டுன்னு சொல்லிச் சொல்லி என் கையாலயே உங்க தோள வீங்க வெச்சுப்போட்டீங்களேண்ணா."

எனக்கு வெட்கமாகிவிட்டது. மரியாதை என்று நினைத்து நான் செய்ததெல்லாம் அந்தப் பெண்ணை ஏமாற்றிய வேலை. மறுபடி தூக்கியபோது, "ஏழுங்க" என்றேன். உடனே நிறுத்தினார். அந்த இடத்திலேயே கையைத் தாங்கிப் பிடித்தபடி பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் ஏழு ஐந்தானது. ஐந்தான பிறகுதான் இன்னும் ஒரு விரற்கடை மேலே தூக்கினார்.

அதன்பிறகு எல்லாம் சீராக நடந்தது. வீட்டில் சுவரில் விரல்களை வைத்து எறும்புபோல மேலே ஏற்றும் பயிற்சி, காலையும் மாலையும். எட்டிய இடத்தில் செல்வி பென்சிலால் கோடு போடுவாள். ஏழாம் முறை என் தலையை நானே சீவிக்கொண்டு போனேன், வகிடு கோணல்தான். எட்டாம் முறை டாக்டர் பார்த்துவிட்டு வேலைக்குப் போகலாம் என்று எழுதிக் கொடுத்தார். ஷாஹிதாவிடம் நன்றி சொன்னபோது, "வலிச்சா வாங்க, வலிக்கலீன்னு சொல்ல மட்டும் வராதீங்கண்ணா" என்று சிரித்தார்.

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். கிளினிக் பலகைகளை நம்பி ஏறாதீர்கள், முதலில் உங்கள் டிஸ்பென்சரி. அட்டை, ஆதார், எக்ஸ்ரே படம், பழைய சீட்டுகள் எல்லாவற்றையும் ஒரே பையில் வையுங்கள். ஒன்பதரைக்குள் போய்விட்டால் மதியத்துக்குள் வெளியே வரலாம். முன்பக்கம் பொத்தான் வைத்த தளர்ந்த சட்டை போட்டுப் போங்கள். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, வெளியூர் வண்டிக்கு உண்டு. வலி எத்தனை என்று கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள்.

இருபத்தெட்டாம் நாள் பட்டறைக்குப் போனேன். ஃபோர்மேன் லேத் அருகில் நின்றிருந்தார். "கை வலியெல்லாம் போயிடுச்சுங்களா?" என்றார். போயிடுச்சு என்று சொன்னால் வேலை உறுதி. நாக்கு நுனிவரை அந்தப் பழைய 'பரவால்லீங்க' வந்துவிட்டது.

"இன்னும் மூணு இருக்குதுங்க, பத்துக்கு. மத்தியானம் வரைக்கும் லேத் ஓட்டறனுங்க. அதுக்கு மேல முடியாதுங்க" என்றேன்.

அவர் என் வலது தோளைப் பார்த்தார். பிறகு, "சரிங்க. மத்தியானத்துக்கு மேல அளவு பாக்கற வேலையப் பாருங்க" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். நாலு எட்டு போனவர் நின்று, ஒரு கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு மெதுவாகத் திரும்பி வந்தார். சுற்றிலும் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"எனக்கு இந்த முதுகு ரெண்டு வருஷமா எட்டுங்க. ஊட்டுலகூடச் சொல்லலீங்க. அந்தக் கடுதாசி எங்கீங்க வாங்கோணும்?"

அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே விரிவாக எழுதியிருக்கிறேன்.