இருபத்து நாலு அந்தர்

தாய்நாடு என்று சொல்லிக் கப்பலிலிருந்து இறக்கிவிட்ட இந்த ஊர் சூசைமுத்துவுக்கு முதலில் கொடுத்தது ஒரு மண்வெட்டி. இலங்கையில் தேயிலை ஃபாக்டரி லாரி ஓட்டியவன் அவன். பெரும்பாறைக் காப்பித் தோட்டத்தில் ஏழு வருடம் குழி வெட்டினான். எழுபத்தெட்டில் பழைய டிரைவர் வேலையை விட்டுப் போனபிறகுதான் தோட்டத்துப் பிக்கப் வண்டியின் சாவி அவன் கைக்கு வந்தது. அன்றைக்கு அவன் மனைவி வீரம்மா லயத்து வீட்டு அடுப்பில் பாயசம் காய்ச்சினாள். அந்தச் சாவியை இழப்பதைத் தவிர அவனுக்கு உலகத்தில் வேறு பயம் இல்லை.

முதலாளி காசிநாதன் பழனியில் யாத்திரிகர் விடுதி நடத்துகிறவர். எண்பதாம் வருடம் அவருக்கு ஓர் ஆசை வந்தது. வெள்ளைக்காரத் தம்பதி ஒன்று காரில் கட்டி இழுத்துக்கொண்டே தேசம் தேசமாக வந்து, கொடைக்கானலில் அலுத்துப்போய் விற்றுவிட்ட கேரவன் ஒன்றை வாங்கினார். சக்கரம் வைத்த வீடு. கட்டில், அலமாரி, சமையல்கட்டு எல்லாம் உள்ளேயே. அதைத் தோட்டத்தில் நிறுத்தி நண்பர்களைத் தங்கவைக்க வேண்டுமாம். கொண்டுவர மேனேஜர் ஞானவேலையும் சூசைமுத்துவையும் அனுப்பினார்.

சூசைமுத்து கேரவனுக்கு அடியில் படுத்துப் பார்த்தான். அதன் பிரேக் துருவேறி இறுகிக் கிடந்தது. இழுவைக் கம்பிக்குப் பக்கத்தில் ஒரு தகடு. சேற்றைச் சுரண்டினால், இங்கிலீஷ் கணக்கில் எடை போட்டிருந்தது: இருபத்து நாலு அந்தர். ஃபாக்டரித் தராசில் தினம் பார்த்த கணக்கு. ஓர் அந்தர் என்றால் ஏறக்குறைய ஐம்பது கிலோ, ஆனால் அந்தப் பெருக்கல் அவன் வாய்க்கு வராது. அவன் தோள் படித்த எடை அந்தர்தான். கிலோவை அவன் ரேஷன் கடையில்தான் பார்த்திருந்தான்.

"ஐயா, இது இருபத்து நாலு அந்தருங்க. நம்ம வண்டி மலையில பதினாறு அந்தருக்கு மேல தாங்காதுங்க. இழுக்கிறதுகூடப் பெருசில்ல. எறக்கத்துல இது பின்னாடியிருந்து நம்மளத் தள்ளும். லாரி ஒண்ணு சொல்லிருவம்."

ஞானவேல் சிரித்தார். "அது என்னலே அந்தரு? அந்தரத்துல தொங்குற கணக்கா? கிலோவுல சொல்லத் தெரிஞ்சா சொல்லு. இல்லாட்டி வெரசா வண்டியக் கட்டு. சோலி கெடக்கு."

அதோடு விட்டாரா? வெறும் வீடு சும்மா இறங்குவானேன் என்று, தன் சொந்த வியாபாரத்துக்கு எட்டு மூட்டை உருளைக்கிழங்கையும் கேரவனுக்குள் ஏற்றினார். ஒவ்வொன்றும் ஒன்றரை அந்தர். ஆக முப்பத்தாறு. முடியாது என்று சாவியை அவர் முன்னால் வைத்திருக்கலாம். வைத்தால் மறுநாள் மண்வெட்டி. சூசைமுத்து கேரவனைக் கட்டினான்.

வத்தலக்குண்டுப் பக்கம் இறங்கும் மலைப்பாதையில், பாதி தூரம் வரை முதல் கியரிலேயே பிடித்து வந்தான். பிரேக் சூடேறிக் கருகல் வாடை அடித்தது. நிறுத்தி ஆறவிடலாம் என்றான். மூட்டைக்கு ஆள் காத்திருப்பான் என்றார் ஞானவேல். அடுத்த வளைவில் பிரேக் மிதி தரையோடு போயிற்று. வீடு தள்ளிய தள்ளில் பிக்கப் ஓடியது. இடப்பக்கம் பாறை, வலப்பக்கம் பள்ளம். சூசைமுத்து பாறையில் கொண்டுபோய் மோதினான். அதனால் இரண்டு பேரும் பிழைத்தார்கள். ஞானவேலுக்குக் கால் முறிந்தது. கேரவனின் ஒரு பக்கம் நசுங்கியது.

போலீஸ் ஸ்டேஷனில் ஏட்டையா வாக்குமூலம் எழுதினார். சிலோனிலிருந்து திரும்புகிறவர்கள் வந்திறங்கும் மண்டபம் முகாமில் காவலுக்கு இருந்தவர், சிலோன் பேச்சு தனக்கு அத்துபடி என்று அவருக்குப் பெருமை.

"முப்பத்தாறு அந்தர் இழுத்துட்டு வந்தேங்க. வண்டி தாங்கல."

"அந்தரம். அதாவது அவசரம். உங்க ஆளுங்க அந்தரப்படாதேன்னு சொல்லுவாங்கள்ல, எனக்குத் தெரியும்" என்றபடி ஏட்டையா எழுதினார்: 'நான் அவசரத்தில் வண்டியை வேகமாக ஓட்டிவந்தேன்.'

"ஐயா, அது வேற, இது வேறங்க. இது எடைங்க. கிழங்கு மூட்டையும் இருந்துச்சுங்க."

எந்த மூட்டை? விபத்து நடந்த ஒரு மணி நேரத்தில் மூட்டைகள் போன இடம் தெரியவில்லை. வந்து சேர்ந்த காசிநாதன் சூசைமுத்துவின் தோளில் கைவைத்தார். "சும்மா கையெழுத்தப் போடுப்பா. கேஸ் சுருக்க முடியும். உன் வேலைக்கு நானாச்சு."

ஒரு முதலாளி தன் தோளில் கைவைத்தது அதுதான் முதல் தடவை. நம்பிக் கையெழுத்துப் போட்டான்.

கோர்ட்டில் அந்தக் காகிதத்தைப் படித்தார்கள். லைசென்ஸ் ரத்தானது. காசிநாதன் வாக்குத் தவறவில்லை, வேலை கொடுத்தார். மண்வெட்டி வேலை. வீரம்மா மண்வெட்டியைக் கழுவி மூலையில் சாய்த்தாள். ஏதாவது கேட்டிருந்தால் அழுதிருப்பான், அவ்வளவு ஆத்திரம் அவனுக்குள் இருந்தது. அதிலும் பாதி தன் மேல்தான்.

நாலு மாதம் கழித்து, காப்பிக் களத்தில் அவன் கொட்டை கிளறிக்கொண்டிருந்தபோது காசிநாதன் புது டிரைவரோடு வந்தார். கன்னிவாடிக்காரன், பெயர் மயில்சாமி. ரிப்பேர் முடிந்து வத்தலக்குண்டுப் பட்டறையில் நின்ற கேரவனைப் போய்க் கட்டி இழுத்து வரச்சொன்னார்.

மயில்சாமி தலையைச் சொறிந்தான். "பாத்தேனுங்க. ஆயிரத்து எரநூறு கிலோ வருதுங்க அது. நம்ம பிக்கப்பு மலையில எண்ணூறுக்கு மேல தாங்காதுங்க. லாரி சொல்லிருவமா?"

காசிநாதன் யோசிக்கக்கூட இல்லை. "லாரியே சொல்லுப்பா. விவரம் தெரிஞ்ச டிரைவர் மொதல்லயே கெடைச்சிருந்தா எனக்கு இவ்வளவு நஷ்டம் வந்திருக்குமா?"

சூசைமுத்துவின் கை நின்றுவிட்டது.

காசிநாதன் திரும்பிப் பார்த்தார். "ஏலே, இங்க என்ன வேடிக்கை? வெயில் போறதுக்குள்ள கெளறு."

அவன் கிளறினான்.