அடுப்பு வைத்த வண்டி

வீட்டில் யாராவது பயணப்பெட்டியின் சிப்பை இழுக்கும் சத்தம் கேட்டால் இன்றைக்கும் நான் போட்டது போட்டபடி எழுந்துவிடுவேன். மனைவி வேலை விஷயமாக ஒரே ஒரு இரவு ஜெனீவாவில் தங்குவதற்கு உடுப்பு அடுக்கினாலும், நான் சத்தம் போடாமல் போய் எல்லோருடைய கடவுச்சீட்டும் அலுமாரியில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவேன். "நீங்கள் பயப்பிடுறதுக்கெண்டே பிறந்தனீங்கள்" என்பாள். அது அபாண்டம். பிறக்கும்போது நான் சாதாரணக் குழந்தையாகத்தான் இருந்தேன். பயம் பிறகு வந்தது. அது உச்சத்தைத் தொட்டது எனக்குப் பத்து வயதாக இருந்தபோது, அப்பா ஒரு வண்டி வாங்கிய கோடையில்.

எண்பதுகளின் கடைசிப் பகுதி. சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் ஒரு கட்டடத்தின் மேல்மாடியில் வாடகைக்கு இருந்தோம். அப்பாவுக்கு ஓர் உணவகத்தின் குசினியில் வேலை. மாமா, அதாவது அம்மாவின் தம்பி, ஒரு கராஜில் கார் கழுவினார். காரின் வெளிப்பக்கத்தைத் தினமும் தடவுகிறவருக்கு அதன் உட்பக்கமும் அத்துப்படியாக இருக்கும் என்று எங்கள் வீட்டில் ஒரு நம்பிக்கை நிலவியது. அதைத் தண்ணீர் ஊற்றி வளர்த்தவர் மாமாவேதான்.

அவர்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களை பஸ்ஸில் ஏற்றி, நகரத்துக்கு வெளியே ஒரு விவசாயியின் வளவுக்குக் கூட்டிப்போனார். மாட்டுக்கொட்டிலின் பின்னால் ஒரு வால்நட் மரத்தின் கீழே அது நின்றது. வோன்மொபில் என்றார் மாமா. கட்டில், மேசை, அடுப்பு, கழிப்பறை எல்லாவற்றையும் உள்ளே வைத்துச் சில்லுப் பூட்டிய வீடு. பல வருஷமாக அசையாமல் கிடந்ததால், நிறுத்திவைத்த வண்டி போல இல்லாமல் நிலத்திலிருந்து முளைத்து வந்தது போல இருந்தது. சில்லுகளைக் காஞ்சோன்றி மூடியிருந்தது. கூரையில் பச்சைப் பாசி. சாரதிப் பக்கத்துக் கண்ணாடியைக் காணவில்லை. மற்றப் பக்கத்துக் கண்ணாடியில் ஒரு சிலந்தி குடும்பத்தோடு வசித்தது.

பழைய சாமான் வாங்குவதற்கு அப்பா ஒரு முறை வைத்திருந்தார். ஊரில் சைக்கிள் வாங்கினாலும் பசுமாடு வாங்கினாலும் அதே முறைதான். முதலில் முகத்தைச் சுளிக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு குறையாகக் கண்டுபிடித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு தரம் சூள் கொட்ட வேண்டும். விற்கிறவர் தன் பொருளை நினைத்துத் தானே வெட்கப்படத் தொடங்கியதும் விலையைக் கேட்க வேண்டும். அன்றைக்கு அப்பா முகத்தைச் சுளித்து முடிப்பதற்குள் விவசாயக் கிழவர் தானாகவே தொடங்கிவிட்டார். பற்றரி செத்துவிட்டது. ரயர்கள் எல்லாம் வெடித்திருக்கின்றன. பிரேக் துருப்பிடித்து இறுகிவிட்டது. பின் யன்னலுக்குக் கீழே சுவருக்குள் ஈரம் இறங்கியிருக்கிறது, வேண்டுமென்றால் இதிலே அழுத்திப் பாருங்கள். அப்பா அழுத்தினார். விரல் பாணுக்குள் போவது போலப் போனது. போன வருஷம் உள்ளே கோழிகள் அடை கிடந்தன, அந்த மணம் போக நாளாகும் என்று கிழவர் அதையும் விடவில்லை. தண்ணீர்ப் பம்பின் வியாதியையும் அவர் சொல்லி முடித்தபோது அப்பாவுக்குக் கண்டுபிடிக்க ஒன்றும் மிச்சமில்லை. கடைசியில், திரைச்சீலையின் நிறம் சரியில்லை என்று சொல்லிப் பார்த்தார். மாமா அதை மொழிபெயர்க்கவில்லை.

கிழவர் ஒன்றே ஒன்றைத்தான் பெருமையாகச் சொன்னார். சூடாக்கி நன்றாக வேலை செய்கிறது, நாலு பேர் வருஷம் முழுவதும் இதற்குள் குடியிருக்கலாம். பள்ளிக்கூடத்தில் சுவிஸ் ஜெர்மன் பேசிக்கொண்டிருந்த எனக்கு அது ஒரு சொல்லும் தவறாமல் விளங்கியது. அம்மா, அப்பா, மாமா, நான். விரல் விட்டுப் பார்த்தேன். சரியாக நாலு.

அம்மா இதற்குள் வண்டியின் படியில் கால் வைத்துவிட்டார். உள்ளே ஏறி, தகரமூடி ஒன்றைத் தூக்கிப் பார்த்தார். அதன் கீழே ஒரு சின்ன எரிவாயு அடுப்பு, அந்த வண்டியிலேயே பாசி பிடிக்காத ஒரே பொருள். "இது எரியுமோ எண்டு கேள்" என்று தம்பியிடம் சொன்னார். கிழவர் சிலிண்டர் ஒன்றைத் தூக்கிவந்து பூட்டிக் குச்சியைக் கிழித்தார். நீலமாக எரிந்தது. அம்மா அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு "சரி" என்றார். அப்பா வெளியே இன்னும் முகத்தைச் சுளித்தபடிதான் நின்றார். ஆனால் வண்டி வாங்கியாகிவிட்டது.

பஸ்ஸில் திரும்பி வரும்போது அம்மா என் காதோடு குனிந்தார். "ஒருத்தருக்கும் வாய் திறக்கப்படாது. எல்லாம் முடியட்டும்."

நல்ல காரியம் கைகூடும் முன்பு வெளியே சொன்னால் நாவூறு பட்டுக் கெட்டுவிடும் என்பது அம்மாவின் சட்டம். அது எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது வேறு. இதே சொற்களை இதே குரலில் அம்மா இதற்கு முன் ஒரு தரம் சொல்லியிருந்தார். அப்போது யாழ்ப்பாணத்தில் இருந்தோம், எனக்கு முன்பல் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. கொழும்புக்குப் போய்ப் பல்வைத்தியரிடம் காட்டிப்போட்டு வருவம் என்றார் அப்பா. ஒரு பல்லுக்கு இவ்வளவு பெட்டி எதற்கு என்று நான் கேட்கவில்லை. பல்வைத்தியரை நான் கடைசிவரை காணவில்லை. அந்தப் பல், பாசல் நகரில் அகதிகளைத் தங்கவைத்திருந்த ஒரு கட்டடத்தில், காய்ந்த பாணைக் கடித்தபோது தானாகவே விழுந்தது.

ஆகவே நான் காதைத் தீட்டிக்கொண்டு திரிந்தேன். அப்பாவும் மாமாவும் லீவு நாட்களில் பழைய ரயர்களும் பற்றரியும் தூக்கிக்கொண்டு அந்த வளவுக்குப் போய், கறுத்த கைகளோடு வந்தார்கள். ஒரு நாள் அம்மா கடையிலிருந்து புதுச் சட்டி ஒன்று கொண்டுவந்து கழுவிக் கவிழ்த்து வைத்தார். அன்றைக்குக் குசினியில் நடந்த பேச்சு என் அறைக்குக் கேட்டது.

"சனிக்கிழமை ராகுகாலம் கழிய எடுப்பம்" என்றார் அம்மா. "முதல்ல அதுக்குள்ள பாலைக் காய்ச்ச வேணும்."

"அது வாகனமப்பா. வாகனத்துக்குச் சில்லுக்குக் கீழ தேசிக்காய் வைக்கிறதுதான் முறை. பால் காய்ச்சுறது வீட்டுக்கு" என்றார் அப்பா.

"அடுப்பு இருக்கெல்லோ? அப்ப அது வீடுதான்."

நான் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தேன். பால் காய்ச்சுவது எதற்கு என்று எனக்கு நன்றாகத் தெரியும். இந்த மேல்மாடிக்குக் குடிவந்த அன்று, கட்டில்கூட வருவதற்கு முன்பு, அம்மா பால்தான் காய்ச்சினார். பால் பொங்கி வழிய வேண்டும், அதுதான் ராசி. ஆனால் அம்மா கையில் கரண்டியோடு அடுப்படியில் காவல் நின்று, நுரை விளிம்புக்கு வந்ததும் சட்டென்று சட்டியைத் தூக்கிவிட்டார். "பொங்கினது மாதிரித்தான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அந்த அடுப்பில் ஒரு சொட்டு விழாமல் அவர் சமைத்ததையும், ஒவ்வொரு இரவும் அதைத் துடைத்துத் துடைத்து முகம் பார்த்ததையும் பார்த்து, அம்மாவுக்குச் சுத்தம் கொஞ்சம் கூடிப்போய்விட்டது என்று நினைத்திருந்தேன்.

புதுவீடு என்றால் பழைய வீடு இல்லை. கணக்கு முடிந்தது. கோழி மணக்கும் வண்டியில், ஈரச் சுவருக்குப் பக்கத்தில் படுத்து, தெரியாத ஏதோ ஒரு நாட்டுக்குப் போகப் போகிறோம். என் அறை போய்விடும். என் அறையில் பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை. ஒரு கட்டில், ரயில் தண்டவாளம் தெரியும் ஒரு யன்னல், புத்தகப்பை மாட்ட ஓர் ஆணி. அந்த ஆணி லேசாக வந்ததல்ல. வாடகைவீட்டுச் சுவரில் ஆணி அடிக்க அனுமதி கேட்க வேண்டும். கட்டடத்தைப் பராமரிக்கும் ஹவுஸ்வார்ட், கண்ணுக்குள் ஸ்கேல் வைத்திருந்த அந்த மனிதர், தானே வந்து அளந்து அடித்துத் தந்தது. நான் இருந்த இடங்களில் எனக்கென்று அடிக்கப்பட்ட முதல் ஆணி அதுதான்.

இந்தத் தரம் சொல்லாமல் கொள்ளாமல் போவதில்லை என்று முடிவெடுத்தேன். என் பனிச்சறுக்கு வண்டியைக் கீழ்மாடிப் பையனுக்குக் கொடுத்தேன். ஆசிரியையிடம் போய்க் கைகொடுத்து, எல்லாவற்றுக்கும் நன்றி என்றேன். அவர், எனக்குக் காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். கட்டடத்தின் ஒவ்வொரு கதவாகத் தட்டி விடைபெற்றேன். ஒரு கிழவி சொக்கலேட் தந்தார், அதனால் அவரிடம் இரண்டு தரம் விடைபெற்றேன். கடைசியாக ஹவுஸ்வார்ட்டிடமும் சொன்னேன். வீடு விட்டுப் போகிறவர்கள் அவரிடம் சொல்லத்தான் வேண்டும் என்பது இந்த நாட்டில் பாலருக்கும் தெரிந்த விஷயம். இரவில் சப்பாத்தோடு படுத்தேன். போகும்போது அவசரத்தில் என்னை மறந்துவிட்டால்?

சனிக்கிழமை காலை மணி அடித்தது. மாமா கதவைத் திறந்தார். ஹவுஸ்வார்ட் நின்றார். ஒரு கையில் குறடும் சுத்தியலும், மறுகையில் சுவர் ஓட்டை அடைக்கும் பசை. அப்பா சாரத்தோடு நின்றார். மாடிப்படியில் சப்பாத்து வைத்ததற்குத்தான் ஏச வந்திருக்கிறார் என்று நினைத்து அம்மா ஓடிப்போய்ச் சப்பாத்துகளை உள்ளே எடுத்தார். மனிதர் ஒருவரையும் பார்க்காமல் நேரே என் அறைக்குப் போனார். ஆணியைக் குறடால் பிடுங்கினார். ஓட்டையை உற்றுப் பார்த்து, பரவாயில்லை என்பது போலத் தலையாட்டினார். பிறகு குசினிக்கு வந்து, விடுகிற வீட்டில் கறை தேடும் முறைப்படி அடுப்பைக் குனிந்து பார்த்தார். அப்படியொரு அடுப்பை அவர் அந்தக் கட்டடத்தில் கண்டதில்லை போலும், இன்னொரு தரம் பார்த்தார். பிறகுதான் மாமாவிடம் விஷயத்துக்கு வந்தார். பையன் ஒழுங்காக வந்து சொன்னது மெத்தச் சரி, ஆனால் வீட்டை விடுவதென்றால் பெரியவர்கள் முறைப்படி முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். இருந்தாலும் தன் மச்சாளுக்கு வீடு தேவைப்படுவதால் அதைப் பேசித் தீர்க்கலாம்.

மாமா மொழிபெயர்த்தார். மூன்று பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் அந்தக் கோடை வெயிலில் குளிர் ஜக்கெற் போட்டு, புத்தகப்பையை முதுகில் மாட்டிக்கொண்டு பயணத்துக்கு ஆயத்தமாக நின்றேன்.

அம்மாவுக்கு அப்போது தெரிந்த ஜெர்மன், கடையில் பால் வாங்கவும் உடுப்புத் தோய்க்கும் அறைத் திறப்புக் கேட்கவும் மட்டுமே போதும். ஆனால் அன்றைக்கு ஹவுஸ்வார்ட்டின் முன்னால் வந்து நின்று, மாமாவை எதிர்பாராமல், தானே சொன்னார். நாங்கள் போகவில்லை. நாங்கள் இருக்கிறோம். இலக்கணம் எப்படியோ, மனிதர் ஓர் அடி பின்னால் போனார்.

பிறகு அம்மா என்னிடம் திரும்பினார். "ஆரடா உனக்குச் சொன்னது போறமெண்டு?"

"நீங்கள்தானே அந்த வண்டிக்குள்ள பால் காய்ச்சப் போறியள்."

மாமா சிரித்துச் சிரித்து நிலத்தில் உட்கார்ந்துவிட்டார். அப்பா சிரிக்கவில்லை. குனிந்து என் ஜக்கெற்றின் சிப்பைக் கழற்றினார். இந்த நாட்டில் இனி நாங்கள் இருக்கலாம் என்று அந்த வசந்தத்தில் அனுமதி கிடைத்திருந்ததாம். அதன் சந்தோஷத்துக்குத்தான் வண்டியாம். கோடை லீவுக்கு எங்கடின் என்ற மலைப்பக்கம் போகலாமாம். எனக்குச் சொல்லாததற்கும் காரணம் அதே நாவூறுதான். "லீவுக்குப் போறம், அவ்வளவுதான்" என்றார் அப்பா. "சும்மா போட்டு வருவம்."

நல்ல மனிதர், அவருக்கு வேறு சொல் கிடைக்கவில்லை. பல்வைத்தியரிடம் போனபோதும் அவர் அதைத்தான் சொன்னார். மலையிலிருந்து திரும்பி வருவோம் என்று அவரிடம் சத்தியம் வாங்கிக்கொண்ட பிறகுதான் புத்தகப்பையை இறக்கினேன். ஹவுஸ்வார்ட் அதே ஓட்டையில் ஆணியைத் திருப்பி அடித்தார். மச்சாளின் ஏமாற்றமோ என்னவோ, அது கொஞ்சம் சரிந்து நின்றது. வண்டியைக் கட்டட முற்றத்தில் நிறுத்தக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். பனிச்சறுக்கு வண்டி மட்டும் திரும்பி வரவேயில்லை. கீழ்மாடிப் பையன், கொடுத்தது கொடுத்ததுதான் என்றான்.

ராகுகாலம் கழிய வளவுக்குப் போய்ச் சேர்ந்தோம். கிழவர் தன் மாட்டில் கறந்த பாலைக் கேனில் கொண்டுவந்து தந்தார். எதற்கென்று மாமா விளக்கினார். கிழவர் தொப்பியைக் கழற்றிவிட்டு வாசலில் நின்றார். அம்மா புதுச் சட்டியில் பாலை ஊற்றி அடுப்பில் வைத்தார். நான் பக்கத்திலேயே நின்றேன். அம்மாவின் கையில் கரண்டி இல்லை என்பதை முதலில் கவனித்தது நான்தான்.

நுரை எழுந்தது. விளிம்புக்கு வந்தது. அம்மா அசையவில்லை. "அம்மா, பால்" என்றேன். விளிம்பைத் தாண்டியது. "அம்மா" என்று கத்திக்கொண்டு அடுப்பை நிறுத்தக் கையை நீட்டினேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"விடு. பொங்கட்டும்."

பால் சீறிக்கொண்டு அடுப்பு முழுவதும் வழிந்தது. நீலச் சுவாலை மஞ்சளாகியது. தட்டின் ஓரத்தால் இறங்கி, கோழிகள் கிடந்த பலகை வரைக்கும் சொட்டியது. கிழவர் துணி எடுத்து நீட்டினார், அம்மா வாங்கவில்லை. கையைக் கூப்பிக்கூட நிற்கவில்லை, சும்மா பார்த்துக்கொண்டு நின்றார். அப்பா மரத்தைப் பார்க்கத் திரும்பிவிட்டார்.

அதன்பின் சில்லுகளுக்குக் கீழே தேசிக்காய் வைத்து மாமா எஞ்சினைக் கிளப்பினார். அது கிளம்பியது, வண்டிதான் கிளம்பவில்லை. துருப்பிடித்த பிரேக் விடமாட்டேன் என்றது. தேசிக்காய்கள் நசுங்காமல் எங்களைப் பார்த்தன. கடைசியில் கிழவர் உழவு இயந்திரத்தைக் கொண்டுவந்து சங்கிலி போட்டு இழுக்க, துவக்கு வெடிப்பது போல ஒரு சத்தம் கேட்டது. நான் மேசைக்குக் கீழே போய்விட்டேன். வெளியே வந்து பார்த்தபோது வால்நட் மரம் மெல்லப் பின்னால் போய்க்கொண்டிருந்தது.

கராஜில் இரவல் வாங்கிய இலக்கத்தகட்டோடு வின்டர்தூர் நோக்கி ஊர்ந்தோம். உள்ளே கோழி மணமும் கருகிய பாலின் மணமும். முன்னால் அம்மா, மாமா ஓட்டுவதைக் குறைசொல்லிக்கொண்டு, மடியில் அந்தச் சட்டியோடு இருந்தார். நான் பின் சீற்றிலிருந்து அடுப்பைப் பார்த்துக்கொண்டே வந்தேன். பால் காய்ந்து பழுப்பாக ஒட்டியிருந்தது. ஒரு சொட்டு சிந்தாத அம்மாவுக்கு இன்றைக்கு என்ன வந்தது? யார் வந்து இதைக் குனிந்து பார்க்கப் போகிறார்கள்? யாரிடம் ஏச்சு வாங்கப் போகிறோம்? வழி முழுவதும் ஏச வேண்டிய அந்த ஆளை நான் மனதுக்குள் தேடிக்கொண்டே வந்தேன். அப்படி ஒருவர் இல்லாததைத்தான் அம்மா அன்றைக்கு அவ்வளவு நேரம் நின்று பார்த்தார் என்பது, பத்து வயதுப் பயந்தாங்கொள்ளிக்கு எப்படி விளங்கும்?