எத்தனை விரல் என்று கேட்ட லயம்

இலங்கை மலையகத்தில் கொட்டகலைக்கு மேலே, பஸ்ஸே மூச்சு வாங்கி ஏறுகிற ஒரு தேயிலைத் தோட்டம். அங்கே கொழுந்து பறிக்கிற ஜெயந்தினிக்கு இருந்த வாய் கங்காணிக்குக்கூடக் கிடையாது. கொழுந்து ஈரமாக இருக்கிறதென்று நிறுவையில் கொஞ்சம் கூடுதலாகக் கழித்தால், கங்காணியையும் ஒருதரம் பிழிந்து நிறுக்கலாமே, எவ்வளவு குறையும் என்று பார்க்கலாமே என்பாள். ஒருநாள் அவருடைய குடையைத் தேயிலைச் செடியோடு முடிச்சுப்போட்டுவிட்டு, மழை வரும்வரை சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றவள்.

இந்த வாய் வெள்ளை உடுப்பைக் கண்டால் மட்டும் தானாகப் பூட்டிக்கொள்ளும். ஆஸ்பத்திரிக்குள் காலை வைத்தால் அவளிடம் ஒரே ஒரு சொல்தான் மிச்சம் இருக்கும். சரிங்க.

வயிறு நிறைந்து நின்ற மாதத்தில் டவுன் ஆஸ்பத்திரி கிளினிக்குக்குப் போனாள். திரைக்குப் பின்னால் படுக்கச் சொன்னார்கள், சரிங்க. காலை மடக்கச் சொன்னார்கள், சரிங்க. கர்ப்பப்பை வாய் திறந்திருக்கிறதா என்று விரலை விட்டுப் பார்க்கப் போகிறார்கள் என்பது, பார்த்து முடிந்த பிறகுதான் அவளுக்கு விளங்கியது. கேட்காமல் செய்தார்கள் என்றும் சொல்ல முடியாது. சிங்களத்தில் கேட்டார்கள், இவள் சரிங்க என்றாள். வலித்தது. ஒரு விரல் திறந்திருக்கிறது என்று சொல்லி அனுப்பினார்கள்.

தோட்டத் தொழிலாளர் வீடுகள் ஒரே கூரையின் கீழ் வரிசையாக நிற்கிற அந்த லயத்தில் ஒரு வழக்கம். மாசமான பெண் கிளினிக் போய் வந்தால், குழாயடியில் முதல் கேள்வி எத்தனை விரல் என்பதுதான். விரலை வைத்து நாள் குறித்துவிடுவார்கள். ஒரு விரல் என்றால் இன்றைக்கு, தவறினால் நாளைக்கு. யார் போட்ட கணக்கு என்று ஒருவருக்கும் தெரியாது. மாமியார் காளியாயி அந்தக் கணக்கில் ஊறியவள். செய்தி காதில் விழுந்ததும் வேன் பிடித்தாள், கோழி அடித்தாள், திம்புள்ளயில் இருந்த மகளை வரவழைத்தாள், ஹட்டனில் கடை வேலைக்கு நின்ற மகனை, ஜெயந்தினியின் புருஷன் நிரஞ்சனை, லீவு போட வைத்தாள். லயமே வாசலில் நின்று வழியனுப்பியது. வலியே இல்லாத பெண்ணை எதற்கம்மா கொண்டு வந்தீர்கள் என்று ஆஸ்பத்திரியில் சிரித்துத் திருப்பி அனுப்பினார்கள். வேன் வந்து சேர்ந்தபோது, வழியனுப்பியவர்கள் கோழிக்கறியை முடித்திருந்தார்கள்.

அடுத்த கிளினிக் நெருங்கியது. இந்த முறையாவது நல்லாப் பார்க்கச் சொல்லு என்று காளியாயி தினமும் ஓதினாள். ஜெயந்தினிக்கு அந்தத் திரைக்குப் பின்னால் மறுபடி படுக்க மனமில்லை. வேண்டாம் என்று சொல்ல ஆசைதான். சொன்னால் டாக்டர் கோபித்துக்கொண்டு பிரசவம் பார்க்கமாட்டாரோ? அதைவிட, தான் பிடித்த பிடிவாதத்தால் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால்? சிரித்துச் சமாளிக்க முடியாத கேள்வி அவளுக்கு அது ஒன்றுதான்.

வீட்டுக்கு வந்த மிட்வைஃப் ஜொய்சியிடம் கேட்டாள். ஜொய்சி பள்ளிக்கூடத்தில் அவளோடு ஒரே வாங்கில் உட்கார்ந்து படித்தவள், அவளுடைய செருப்பை ஜெயந்தினி எத்தனையோ தடவை ஒளித்து வைத்திருக்கிறாள்.

"அப்ப நான் வேணாம்னா, புள்ளைக்கு ஒன்னும் ஆகாதா?"

"வலி வராம இப்பப் பாக்குறத வச்சு நாள் சொல்ல முடியாதுடி" என்றாள் ஜொய்சி. "சில பேருக்கு வாரக்கணக்கா தொறந்தே கெடக்கும். சில பேருக்கு காலையில ஒன்னுமே இருக்காது, சாயங்காலம் புள்ள கையில. வேணாம்னா வேணாம்னு சொல்லலாம், குத்தமில்ல. ஆனா எதுக்குப் பாக்குறீங்கன்னு கேளு. ஏதாவது முடிவெடுக்கத்தான்னா, அதக் கேட்டுட்டு யோசி. தண்ணி ஒடஞ்சா, ரத்தம் பட்டா, புள்ள அசைவு கொறைஞ்சா ஒடனே ஓடியாரணும். அதுல மட்டும் ஒன் வெளாட்டு வேணாம்."

அன்றிலிருந்து பயிற்சி தொடங்கியது. யார் என்ன கேட்டாலும் வேணாங்க என்றாள். நிரஞ்சன் சூடாகப் பிளேன்டீ கொண்டுவந்து நீட்டினான். வேணாங்க. அவன் சந்தோஷமாக அதைத் தானே குடித்தான். வாயில் எச்சில் ஊற அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கிளினிக் நாள். டாக்டர் இளம்பெண், தமிழ் அரைகுறை. பிரஷர் பார்த்தார், பிள்ளையின் இதயத் துடிப்பைக் கேட்டார், எல்லாம் நல்லது என்றார். பிறகு திரைப் பக்கம் கையைக் காட்டினார். ஜெயந்தினியின் தொண்டையில் சரிங்க வந்து நின்றது. அதை விழுங்கினாள்.

"பாத்தா என்னங்க மிஸ் மாறும்?"

அன்று கிளினிக் வேலைக்கு வந்து பக்கத்தில் நின்ற ஜொய்சி அதைச் சிங்களத்தில் சொன்னாள். டாக்டர் பேனாவை வைத்துவிட்டு யோசித்தார்.

"இன்டைக்கு? ஒன்னும் மாறாது" என்றார்.

"அப்ப இன்னைக்கு வேணாங்க மிஸ்."

நாற்காலி உடையவில்லை, கூரை விழவில்லை. டாக்டர் தலையாட்டினார். நாள் தாண்டினால் மருந்து கொடுத்து வலி வரவைப்பதா என்று முடிவு செய்ய வேண்டிவரும், அப்போது பார்த்தால் உதவியாக இருக்கும், அப்போதும் கேட்டுத்தான் பார்ப்பேன் என்று ஜொய்சி மூலம் விளக்கினார். ஜெயந்தினிக்கு அது நியாயமாகப் பட்டது. வெளியே வந்தவள் நிரஞ்சனிடம் இரண்டு ரோல்ஸ் வாங்கச் சொல்லி இரண்டையும் தானே தின்றாள்.

குழாயடியில் லயமே காத்திருந்தது. எத்தனை விரல் என்றார்கள். இரண்டு கையையும் விரித்துப் பத்து விரலையும் காட்டினாள். பக்கத்து வீட்டு சுலக்ஷனா வாளியைக் கீழே போட்டாள். காளியாயி வேன்காரனுக்குப் போன் எடுத்துவிட்டாள்.

"பாக்கலைங்க மாமி. நாந்தான் வேணாம்னுட்டேன்."

"டாக்டருகிட்டயா?"

"எதுக்குன்னு கேட்டேன். இன்னைக்குப் பாத்து ஒன்னும் மாறாதுன்னு அவங்களே சொன்னாங்க."

காளியாயி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். ஆனால் பொழுது சாய்வதற்குள், தன் மருமகள் டாக்டரையே கேள்வி கேட்ட கதை மூன்று லயத்தைச் சுற்றி வந்தது. சுற்றவிட்டது யார் என்று சொல்லத் தேவையில்லை.

குறித்த நாள் தாண்டவில்லை. ஒரு பகல், துணி அலசிக்கொண்டிருந்தவள் அப்படியே கல்லைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். இந்தத் தடவை வேன் வீணாக ஓடவில்லை. பிரசவ அறையில் நர்ஸ் கையுறையை மாட்டிக்கொண்டு, பார்க்கவா என்றாள்.

"எதுக்குங்க?" அந்த வலியிலும் கேட்டாள்.

"நீ முக்கலாமான்னு தெரியணும்."

"அப்பப் பாருங்க. இந்த வலி மட்டும் போகட்டும்."

நர்ஸ் கையை நிறுத்திக் காத்திருந்தாள். வலி அடங்கியதும் ஜெயந்தினி தலையை ஆட்டினாள். முழுசாகத் திறந்திருந்தது. அதற்குப் பிறகு கேள்வி கேட்க அவளுக்கு நேரமில்லை. அந்த வேலையை, பிறந்து விழுந்த மகள் எடுத்துக்கொண்டு கூரை அதிரக் கத்தினாள்.

நர்ஸ் வெளியே வந்து காளியாயியிடம், உங்க மருமக சொன்ன பிறகுதான் கையே வைத்தோம் என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். காளியாயி உடனே லயத்துக்குப் போன் போட்டாள். மருமகள் எதுக்கு என்று கேட்டதை, பொறுங்கள் என்றதை, நர்ஸ் கை கட்டி நின்றதை, நடக்காததையும் கொஞ்சம் சேர்த்து, விலாவாரியாகச் சொன்னாள். அந்தப் பக்கம் ஆணா பெண்ணா என்று கத்திக் கத்திக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அதைச் சொல்லத்தான் அவளுக்கு மறந்துபோயிருந்தது.