நாகா சேரின் பதினேழு படிகள்

வெள்ளவத்தையில் உயர்தரப் பரீட்சைக்கு இணைந்த கணிதம் படித்த யாரிடமாவது நாகேந்திரத்தைப் பற்றிக் கேட்டால், முதலில் குரலை நடித்துக் காட்டுவார்கள். ஆளைப் பற்றிச் சொல்வது அதற்குப் பிறகுதான்.

நாகா சேருக்கு ஐம்பத்து நாலு வயது. இருபத்தாறு வருடமாக டியூஷன். காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில், மூன்றாம் மாடி மண்டபத்தில், முந்நூறு பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறார். கழுத்தில் மைக் தொங்கும். அது அலங்காரம். கரையோர ரயில் போகும்போது ரயில்தான் அடக்கி வாசிக்கும் என்று பிள்ளைகள் சொல்வார்கள். எறியங்கள் என்ற அலகில் அவரை வெல்ல ஆளில்லை. பந்தொன்றை இன்ன வேகத்தில், இன்ன கோணத்தில் எறிந்தால் எங்கே விழும் என்று இரண்டு தசமதானத்துக்குச் சொல்வார். அவர் கையால் ஒரு பந்தை எறிந்ததை மட்டும் யாரும் கண்டதில்லை.

அதற்குக் காரணம் உண்டு. யாழ்ப்பாணத்தில் படித்த காலத்தில் அவர் கல்லூரிக் கிரிக்கெட் அணியின் ஸ்கோரர். கணக்கில் கெட்டிக்காரன் என்று புகழ்ந்து, கையில் புத்தகத்தைக் கொடுத்து, எல்லைக்கோட்டுக்கு வெளியே ஒரு வாங்கில் இருத்திவிட்டார்கள். கொழும்புக்கு வந்த பிறகு பழைய மாணவர் சங்கத்தில் கூட்டக்குறிப்பு எழுதினார், சோடாப் போத்தல் எண்ணினார், வென்றவர்களின் பெயரைக் கிண்ணத்தில் பொறிக்கக் கொடுத்தார். இத்தனை வயதுக்கு எந்த விளையாட்டிலும் எந்த அணியிலும் அவர் பெயர் இருந்ததில்லை. அதை அவர் பெரிதுபடுத்துவதில்லை என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். வங்கியில் வேலை செய்யும் அவர் மனைவி ரதி அப்படி நினைக்கவில்லை.

சங்கத்தின் கொழும்புக் கிளைக்கு ஓர் அழைப்பு வந்தது. வடக்குக் கல்லூரிகளின் பழைய மாணவர் சங்கங்கள் சேர்ந்து நடத்தும் கோல்ஃப் நாள். பன்னிரண்டு அணிகள், அணிக்கு நாலு பேர், ஒன்பது குழி, நாலு பேரின் அடிக்கணக்கும் சேரும், குறைந்த அடிக்குத்தான் வெற்றி. மூன்று பேர் ஏற்கனவே இருந்தார்கள். நாலாமவருக்கு முதுகெலும்பில் தட்டு விலகிவிட்டது. அணித்தலைவர் டொக்டர் யோகச்சந்திரன் கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தார். ஒருவருக்கு முழங்கால். ஒருவருக்கு இதயம். ஒருவருக்கு மனைவி. நாகேந்திரம் கூட்டக்குறிப்பில் தன் பெயரை எழுதி முடித்துவிட்டு, அதன் பிறகு கையை உயர்த்தினார்.

"டேய் நாகா, நீ எப்பவாவது மட்டை பிடிச்சிருக்கிறியே?" என்றார் டொக்டர். இருவரும் ஒரே வகுப்பு.

"எறியம் எனக்குத் தெரியும்."

"உனக்குத் தெரியும். பந்துக்குத் தெரியாதே."

ஆனாலும் வேறு ஆள் இல்லை. எட்டு வாரம் கையில் இருந்தது.

பயிற்சித் திடலில் சொல்லிக்கொடுப்பவர் புவாத், வயது முப்பத்திரண்டு, கொட்டாஞ்சேனைக்காரர். சனியும் புதனும் காலை ஆறு மணிக்கு வகுப்பு. முதல் வகுப்பை புவாத் அரை நிமிடத்தில் முடித்தார்.

"இப்பிடி எடுங்க சேர். இப்பிடி உடுங்க. அவ்வளவுதான்."

ஒரு வசனத்தில் முடிகிற பாடத்தை நாகேந்திரம் பாடமாகவே மதிப்பதில்லை. மணிக்கட்டு எத்தனை பாகை? உடம்பின் பாரம் வலது காலிலிருந்து இடது காலுக்கு எந்தக் கணத்தில் மாறும்? முதலில் திரும்புவது இடுப்பா, தோளா? அடுக்கடுக்காகக் கேட்டார். புவாத் எல்லாவற்றுக்கும் மரியாதையாகப் பதில் சொன்னார். அது புவாத் விட்ட பிழை.

டியூஷன்காரர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எதைக் கண்டாலும் அதைக் குறிப்பாக்கி, படி பிரித்து, அச்சடித்துவிட வேண்டும். அதை டியூட் என்பார்கள். டியூட் அடித்தாகிவிட்டால் பாதி அலகு முடிந்த மாதிரி. மூன்றாம் வகுப்புக்கு நாகேந்திரம் 'கோல்ஃப் வீச்சு' என்ற நாலு பக்க டியூட்டோடு வந்து இறங்கினார். பதினேழு படிகள், ஒவ்வொன்றுக்கும் படம். ஐந்தாம் படி: இரு பாதங்களுக்கும் இடைத்தூரம் தோளகலத்துக்குச் சமன். ஒன்பதாம் படி: இடது கையை வளையாத கோல் எனக் கொள்க. பதினாலாம் படி: தலை ஓய்விலுள்ளது. கடைசிப் பக்கத்தில் புள்ளித்திட்டம். பதினேழு படிக்கும் ஐந்தைந்து புள்ளி, பந்து போய்ச் சேர்ந்தால் பதினைந்து.

புவாத் நாலு பக்கத்தையும் புரட்டிப் பார்த்தார்.

"சேர், இதுல பந்து எங்க ஈக்கி?"

"பதினொண்டாம் படியில."

மட்டையை மேலே எடுத்து இறக்கி முடிக்க மொத்தம் ஒன்றரைச் செக்கன். பதினேழு படிக்குப் பிரித்தால் ஒரு படிக்குப் பத்தில் ஒரு செக்கன்கூடக் கிடைக்காது. இதையும் அவரேதான் கணக்குப் பார்த்தார். பார்த்த பிறகு, நேரம் போதாதென்று, இன்னும் மெதுவாக அடித்தார். முதல் இரண்டு வாரமும் பந்தைவிடப் புல்தான் தூரம் போனது. பக்கத்தில் நின்று பழகியவர்கள் தள்ளி நிற்கப் பழகினார்கள்.

வீட்டில் தும்புத்தடியோடு பயிற்சி. நிலைக்கண்ணாடிக்கு முன்னால் நின்று, "ஆறாம் படி… ஏழாம் படி…" என்று தடியை உயர்த்தி, எட்டில் அப்படியே உறைந்து நிற்பார்.

"தும்புத்தடியைத் தாங்கோ, நான் கூட்டவேணும்," என்றார் ரதி.

"பொறு, எட்டாம் படியில முழங்கை வளையுது."

"இஞ்ச பாருங்கோ. உங்களுக்குப் பந்து அடிக்கவேணுமா, பந்துக்குப் பேப்பர் செட் பண்ணவேணுமா?"

"விளங்காமல் செய்யக்கூடாது ரதி."

"கலியாணம் கட்டேக்க என்ன விளங்கிக் கட்டினனீங்கள்?"

தடி கைமாறியது.

ஐந்தாம் வாரம் டொக்டரின் அழைப்பு. அவருடைய மனைவியின் தம்பி மெல்பேர்னிலிருந்து விடுமுறைக்கு வருகிறாராம். அவரும் அதே கல்லூரி. அங்கே வாரம் இரண்டு தடவை கோல்ஃப் விளையாடுகிறவர்.

"மச்சான், குறை நினைக்காதை. விதியில ஒண்டு இருக்கு. முதல் குழி முடியுமட்டும் ஆளை மாத்தலாம். உன்ர பேர் இருக்கட்டும். முதல் குழியில சரிவராட்டி அவனை இறக்குவம். நீ ஸ்கோரைப் பார், என்ன?"

நாகேந்திரம் "சரி" என்றார். போனை வைத்துவிட்டு யன்னலால் கடலைப் பார்த்தார். ரதி தும்புத்தடியைக் கொண்டுவந்து கதிரையில் சாத்திவைத்தார்.

ஆறாம் வாரம் புதன்கிழமை புவாத்தின் தங்கச்சி ஷிம்னா காரணமாக ஒரு விஷயம் நடந்தது. அவள் அந்த வருடம் உயர்தரம். இரவு முழுக்க ஒரு கணக்கோடு மல்லுக்கட்டித் தோற்று, கேள்வியைப் படமெடுத்து அண்ணனுக்கு வாட்ஸப்பில் அனுப்பியிருந்தாள்.

"சேர், தங்கச்சிக்கு ஒரு கணக்கு வெளங்கல்லயாம். ஒரு ஏணி, சுவர்ல சாஞ்சி ஈக்கி…"

நாகேந்திரம் ஏற்கனவே பந்துக்கு முன்னால், மூன்றாம் படியில் நின்றுகொண்டிருந்தார். கணக்கு என்ற சொல் காதில் விழுந்ததும் குரல் தானாக உயர்ந்தது.

"ஏணிக் கணக்கா? அதில பயப்பிட என்ன கிடக்கு? ஒரு நுனி கரடான தரையில. மற்ற நுனி ஒப்பமான சுவரில. ஒப்பமான சுவர் எண்டால் உராய்வு என்ன?" கேட்கும்போது, வகுப்பில் கரும்பலகைத் தடியை ஓங்குவதுபோல, கையிலிருந்ததை ஓங்கி இறக்கினார். "பூச்சியம்! பிறகென்ன, ஒரு விசையை வெட்டியாச்சு."

பந்து நேராக எழும்பி, நூற்றைம்பது யார் பலகையைத் தாண்டி விழுந்தது. அவர் பார்க்கவில்லை. புவாத் பார்த்தார். இன்னொரு பந்தை வைத்தார்.

"ரெண்டாம் பகுதி எப்பிடி சேர்?"

இரண்டாம் பகுதியும் போனது. ஏணியில் ஒரு மனிதனை ஏற்றினார்கள், அதுவும் போனது. நாலாவது பந்தில்தான் நாகேந்திரம் தலை நிமிர்ந்து பார்த்தார்.

"ஆர் அடிச்சது?"

"நீங்கதான் சேர். ஒங்களுக்கு வாய் ஓடினாத்தான் கை ஓடுது."

வேறொருவராயிருந்தால் சந்தோஷப்பட்டு அதோடு விட்டிருப்பார். நாகேந்திரம் வீட்டுக்குப் போய் டியூட்டைத் திருத்தினார். பதினெட்டாம் படி: ஏணி. பிறகு சந்தேகம் வந்தது. நீளமான மட்டைக்கு ஏணி சரியா, அல்லது வட்ட இயக்கமா? சின்ன மட்டைக்குக் கப்பிக் கணக்குப் பொருந்துமா? சனிக்கிழமை ஒவ்வொரு மட்டைக்கும் ஒவ்வொரு அலகாகச் சொல்லிப் பரிசோதித்தார். பந்துகள் பழையபடி காலடியில் உருண்டன.

புவாத் அன்று முதல் தடவையாகக் குரலை உயர்த்தினார். டியூட்டை வாங்கி நாலாக மடித்துத் தன் சேட்டுப் பைக்குள் வைத்தார். "இது எனக்கிட்ட ஈக்கட்டும். சேர் படிப்பிச்சிக் குடுங்க, காணும். எந்தக் கணக்கு எண்டாலும் பரவால்ல, ஆராவது கேக்கணும், நீங்க செல்லணும். ஆனா ஒரு பிரச்சினை ஈக்கி."

"என்ன?"

"அங்க ஒராள் அடிக்கிற நேரம் ஆரும் பேச ஏலா. மூச்சும் உட ஏலா."

போட்டி நாள். பொரளைப் பக்கம், ரயில் பாதை குறுக்கே ஓடும் மைதானம். காலை ஏழரைக்கே வெயில் சுட்டது. டொக்டர் தலையிலிருந்து கால்வரை வெள்ளை. பன்னிரண்டு வருடமாக விளையாடுகிறார் என்பது உடுப்பில் தெரிந்தது. மெல்பேர்ன் மைத்துனர் மரத்தடியில், கையுறையையும் மாட்டிக்கொண்டு தயாராக நின்றார்.

ஏற்பாட்டாளர் ஒருவர் வந்து நாகேந்திரத்தின் கையில் ஒரு அட்டையையும் பென்சிலையும் திணித்தார். நாகேந்திரத்தின் முகம் கறுத்தது.

"நான் ஸ்கோரர் இல்ல. நான் விளையாடுறனான்."

"விளையாடுறவைதான் அண்ணை எழுதுறது. நீங்கள் எதிரணி ஆளின்ர கணக்கை எழுதுங்கோ, அவர் உங்கடையை எழுதுவார்."

நம்பாமல்தான் வைத்துக்கொண்டார். அவருடைய கணக்கை எழுத வேண்டியவர் எதிரணியின் ராகுலன். ஒரு கட்டுமானக் கம்பனியில் பொறியியலாளர், நாற்பது வயது, தலை பாதி வழுக்கை. "சேர், உங்களிட்டப் படிச்ச ரெண்டாயிரத்து மூண்டு பட்ச்," என்று கையைக் கட்டிக்கொண்டார்.

முதல் அடி நாகேந்திரத்தினுடையது. சுற்றி ஐம்பது அறுபது பேர். ஒருவர் கையை உயர்த்தியதும் எல்லோரும் வாயை மூடினார்கள். அவர் பந்துக்கு முன்னால் நின்றார். டியூட் புவாத்தின் சேட்டுப் பையில்தான் இருந்தது, ஆனால் எழுதியவருக்கு அது மனப்பாடம். ஒன்று. இரண்டு. மூன்று. எட்டில் முழங்கை வளைந்தது. பதினொன்றில் பந்து இருந்திருக்க வேண்டும். மட்டை காற்றை வெட்டிக்கொண்டு போய்த் தோளுக்கு மேல் நின்றது. பந்து வைத்த இடத்திலேயே இருந்தது.

"அது ஒரு அடி," என்றார் ராகுலன், மெதுவாக, மன்னிப்புக் கேட்கிற மாதிரி.

டொக்டர் மரத்தடிப் பக்கம் திரும்பித் தலையசைத்தார். மைத்துனர் மட்டையை உருவினார்.

நாகேந்திரம் அதைக் கண்டார். ஐம்பது பேரின் மௌனத்தையும் பார்த்தார். இருபத்தாறு வருடத்தில் ஒரு கூட்டம் தனக்கு முன்னால் இப்படிச் சத்தமில்லாமல் நின்றால் அவர் செய்கிற வேலை ஒன்றுதான்.

"சீரான ஏணியொண்டு!" என்றார். மரத்தில் இருந்த காகங்கள் எழும்பின. "ஒரு நுனி கரடான தரையில. மற்ற நுனி ஒப்பமான சுவரில. சுவரில உராய்வு என்ன?"

"பூச்சியம் சேர்!" என்று ராகுலன் கத்தினார். கத்தியபிறகுதான் தான் எங்கே நிற்கிறோம் என்பது அவருக்கு நினைவு வந்தது.

பந்து போய்விட்டிருந்தது. பெரிய தூரமில்லை, நூற்று முப்பது யார் இருக்கும். ஆனால் நடுப்புல்லில், நேராக.

எதிரணித் தலைவர், ஒரு சட்டத்தரணி, பாய்ந்து வந்தார். "அடிக்கேக்க கதைக்கக்கூடாது! இது விதிமீறல்!"

"அடிக்கிறவர் கதைக்கக்கூடாதெண்டு எங்க இருக்கு?" என்று கேட்டது மரத்தடியிலிருந்த மைத்துனர். "மற்ற ஆக்கள்தான் கதைக்கக்கூடாது. கத்தினது உங்கட ஆள்."

சட்டத்தரணி ராகுலனைப் பார்த்த பார்வையை எழுதவேண்டியதில்லை.

முதல் குழியை நாகேந்திரம் எட்டு அடியில் முடித்தார். நல்ல கணக்கல்ல. ஆனால் குழி முடிந்துவிட்டது, இனி ஆளை மாற்ற முடியாது. டொக்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், மைத்துனர் கையுறையைக் கழற்றிவிட்டு இளநீர் தேடிப் போனார்.

மிச்சக் குழிகளிலும் வகுப்பு நடந்தது. கப்பி, மோதல், உராய்வு. ராகுலன் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாலும் பதில் வாயிலிருந்து தப்பி வந்தது. ஏழாவது குழியில் ரயில் வந்தது. மிதிபலகையில் தொங்கியவர்கள் கை காட்டினார்கள். ரயிலைச் சார்ந்து பந்தின் வேகம் என்ன என்று சேர் கேட்டார். ராகுலன் பிழையாகச் சொன்னார். "பிழை," என்று மட்டும் சொல்லிவிட்டு சேர் நடந்தார். அதன்பிறகு ராகுலன் ஒவ்வொரு அடிக்கு முன்னும் நின்று யோசிக்கத் தொடங்கினார். கடைசி இரண்டு குழிக்கும் அவருக்குப் பத்தொன்பது அடி.

நாகேந்திரத்தின் மொத்தம் அறுபத்தெட்டு. டொக்டர் அறுபத்தாறு. அணி பன்னிரண்டில் பதினோராம் இடம். நாகேந்திரத்தின் அட்டையில் ராகுலன் கையெழுத்து வைத்தார். சேர் அதை வாங்கி, ஒவ்வொரு குழியாகக் கூட்டிப் பார்த்து, மடித்துப் பேர்சுக்குள் வைத்தார்.

மதியச் சாப்பாட்டு வரிசையில் டொக்டர் சோற்றுக் கோப்பையோடு பக்கத்தில் வந்தார்.

"பரவாயில்லை மச்சான், சமாளிச்சிட்டாய். ஆனா அடுத்த வருஷத்துக்கு நாங்கள் கொஞ்சம் யோசிப்பம். மனிசியின்ர தம்பி அப்பவும் வாறானாம். அவன் அணிக்குள்ள வந்தால் நல்லம்தானே?"

"வரட்டும்," என்றார் நாகேந்திரம். கோழித்துண்டு ஒன்றை எடுத்துக் கோப்பையில் வைத்தார். "ரெண்டு அடிதான் வித்தியாசம். உன்ர இடத்துக்கு வரட்டும்."

டொக்டர் சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு நின்றார். அதற்குள் வரிசை நகர்ந்துவிட்டது.